வயிறு சரியில்லாதவள்

உங்க கேங்குலயும் ஒரு ஆள் இருப்பாங்க, கவனிச்சிருக்கீங்களா? ட்ரீட்னு சொன்னதும் கடைசி நிமிஷத்துல கழண்டுக்கிற ஆள். "தலைவலிடி, நீங்க போயிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கிற ஆள். போன வருஷம் எங்க ஹாஸ்டல் மூணாவது மாடியில அந்த ஆள் நான்தான்.

முதல்ல எங்க கேங்கைப் பத்திச் சொல்லிடறேன். நாங்க ஆறு பேர். மெஸ்ல ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் கோத்தகிரி அக்கா ரூம்ல கூடுவோம். ஆளுக்கு ரெண்டு ஊசி, ஒரு பந்து உல்லன் நூல். பேசிக்கிட்டே பின்னுவோம். கோயம்புத்தூர் வெயிலுக்கு உல்லன் எதுக்குன்னு நீங்க கேக்க வேண்டாம், வார்டன் மேடம் முதல் நாளே கேட்டுட்டாங்க. அக்கா ஊர்ல குளிர். பாட்டி, அம்மா எல்லாரும் பின்னுவாங்களாம். அந்தப் பழக்கத்துல அக்கா ஹாஸ்டலுக்கும் ஊசி கொண்டு வந்தாங்க. பரீட்சை டென்ஷன்ல போனை நோண்டறதுக்கு இது எவ்வளவோ மேல்னு எங்களுக்கும் ஒட்டிக்கிச்சு.

எனக்கு இதுல கொஞ்சம் திமிர் வேற இருந்துச்சு. நான் திருப்பூர். எங்கப்பா நிட்டிங் கம்பெனியில மிஷின் ஓட்டறார். 30 அங்குல விட்டம், 24 கேஜ், அதாவது அங்குலத்துக்கு 24 ஊசி. பையால பெருக்கிப் பாருங்க, சுத்தி வர ஏறக்குறைய 2,260 ஊசி. பனியன் துணி குழாய் மாதிரி இறங்கிக்கிட்டே இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ரெண்டு ஊசி எம்மாத்திரம்னு நினைச்சேன். முதல் வாரம் பின்னினது பாத்திரம் தேய்க்கக்கூட ஆகல. ஆனா ரெண்டுலயும் நடக்கறது ஒண்ணுதான்னு அப்பதான் புரிஞ்சுது: ஒரு லூப்புக்குள்ள இன்னொரு லூப்பை இழுத்து விடறது. அவ்வளவுதான்.

பிரச்சனை பின்னல்ல வரல, பிரியாணியில வந்துச்சு.

யாருக்காவது பர்த்டே வந்தாலோ, யாராவது ஒரு பீஸ் முடிச்சாலோ வெளிய போய்ச் சாப்பிடணும்ங்கிறது எங்க கேங் வழக்கம். ஆகஸ்ட் கடைசியில முதல் ட்ரீட். கிராஸ்கட் ரோடு பக்கம் ஒரு ஏசி ஹோட்டல். மெனு கார்டுல நான் வலது பக்கத்தை மட்டும்தான் படிச்சேன். இருக்கறதுலயே கம்மியா ஒரு வெஜ் ஃப்ரைட் ரைஸ் சொன்னேன், 190 ரூபாய். பில் 2,580. மதுரைக்காரி டக்குனு ஆறால வகுத்து ஜிபேல அனுப்பச் சொல்லிட்டா. தலைக்கு 430.

அப்பாவுக்குச் சனிக்கிழமைதான் சம்பளம். ஒன்றரை ஷிப்ட் பார்த்துட்டு, வாங்கின கையோட எனக்கு 500 ரூபாய் போட்டு விடுவார். அந்த வாரம் பாக்கி 70 ரூபாய். ஜெராக்ஸுக்கே பத்தல.

அதுக்கப்புறம் நான் பொய் சொல்ல ஆரம்பிச்சேன். செப்டம்பர்ல ரொம்ப ஈஸி, புரட்டாசி வந்துடுச்சு. "நான் கறி சாப்பிட மாட்டேன், நீங்க போங்க"ன்னேன். ஊருக்கெல்லாம் புரட்டாசி முடிஞ்சும் என் புரட்டாசி மட்டும் ஐப்பசி, கார்த்திகைன்னு நீண்டுகிட்டே போச்சு. நடுவுல இன்டர்னல், தலைவலி, வயித்து வலி. வயித்து வலியை அதிகமா யூஸ் பண்ணிட்டேன்னு நினைக்கறேன்.

டிசம்பர்ல கோத்தகிரி அக்காவோட பர்த்டே. ஃபைனல் இயர் வேற, அடுத்த வருஷம் இருக்க மாட்டாங்க. அன்னிக்கும் வயிறு சரியில்லைன்னுட்டேன். அஞ்சு பேரும் கிளம்பிப் போனாங்க. கதவு சாத்தின சத்தத்துக்கு அப்புறம் அந்த ரூம் எவ்வளவு அமைதியா இருந்துச்சுன்னு இப்பவும் ஞாபகம் இருக்கு.

அப்பாவுக்கு ஒரு மஃப்ளர் பின்னிக்கிட்டிருந்தேன். மார்கழியில நைட் ஷிப்ட் முடிச்சு விடியற்காலையில எக்ஸெல் வண்டியில வருவார், காதை மூடறதுக்கு. அழுதுக்கிட்டே பின்னினதுல ஒரு லூப் ஊசியில இருந்து நழுவினதைக் கவனிக்கல. ஒண்ணு விட்டா அதுக்குக் கீழ இருக்கறதும் ஒண்ணொண்ணா விட்டுக்கிட்டே இறங்கும். நான் பார்த்தப்ப பதினஞ்சு வரிசை கீழ போய் நின்னுச்சு. மொத்தத்தையும் பிரிக்கணும்னு நினைச்சுக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அப்பதான் அவங்க திரும்பி வந்தாங்க. அக்கா கையில ஒரு பார்சல். என்னையும் மஃப்ளரையும் பார்த்தாங்க. ஒண்ணும் கேக்காம குரோஷே ஊசியை எடுத்து, நழுவின லூப்பைக் கொக்கியில மாட்டி, ஏணிப்படி ஏறற மாதிரி ஒவ்வொரு வரிசையா மேல ஏத்தினாங்க. ஏத்திக்கிட்டே கேட்டாங்க:

"வயிறு இப்ப எப்படிடி இருக்கு?"

"வயிறு நல்லாத்தாங்க்கா இருக்கு. காசுதான் இல்ல."

எப்படி வாயில வந்துச்சுன்னு தெரியல. யாரும் பேசல. அப்புறம் அக்கா மெதுவா, "எங்களைத்தான் உனக்குப் பிடிக்கலையோன்னு நாங்க பேசிக்கிட்டிருந்தோம்டி. இனிமே இவளைக் கூப்பிட வேண்டாம்னு இன்னிக்குதான் முடிவு பண்ணினோம்"னாங்க.

யோசிச்சுப் பாருங்க. காசில்லாதது தெரிஞ்சா ஒதுக்கிடுவாங்கன்னு பயந்து நான் மறைச்சேன். மறைச்சதாலயே ஒதுக்கிட இருந்தாங்க.

அதுக்கு மேல ஒண்ணு நடந்துச்சு. எப்பவும் பெரிய ஹோட்டலா சொல்ற மதுரைக்காரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஏ, நான் மட்டும் என்ன? ரெக்கார்டு நோட்டு வாங்கணும்னு எங்கண்ணன்கிட்ட மூணு தடவை பொய் சொல்லி வாங்கியிருக்கேன்டி"ன்னா.

அன்னிக்கு ராத்திரி அக்கா ஒரு வழி சொன்னாங்க. இனி எங்க போறதா இருந்தாலும், தன்னால எவ்வளவு முடியும்னு ஆளுக்கொரு துண்டுச் சீட்டுல எழுதணும். நம்பர் மட்டும், பேர் வேண்டாம். மடிச்சு நூல் பைக்குள்ள போட்டுக் குலுக்கணும். இருக்கறதுலயே சின்ன நம்பர் எதுவோ, அதுக்குள்ளதான் ட்ரீட்.

ஜனவரி முதல் வாரம் இ.சி.இ. பொண்ணோட பர்த்டே. நான் 100 எழுதினேன். என்னுதுதான் கம்மியா இருக்கும், பார்த்ததும் எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு காது சூடாயிடுச்சு. அக்கா ஒவ்வொண்ணா பிரிச்சாங்க. 200, 150, 300, 100, 150.

கடைசிச் சீட்டுல 50.

ரோட்டுக்கடைக்குப் போய் ஆளுக்கு ஒரு பிளேட் காளான் சாப்பிட்டோம். கேக் இல்ல. காளான் மேல தூவின வெங்காயத்துக்கு நடுவுல ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் குத்தி ஊதச் சொன்னோம். கடைக்கார அண்ணன், "யம்மா, கடையைக் கொளுத்திடாதீங்க"ன்னார். கேட் மூடறதுக்குள்ள சிரிச்சுக்கிட்டே நடந்து வந்தோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் மஃப்ளரை அப்பாகிட்ட கொடுத்தேன். கழுத்துல போடறதுக்கு முன்னாடி டியூப் லைட் வெளிச்சத்துல விரிச்சுப் பார்த்தார், தொழில் புத்தி. சரியா அந்த இடத்துல விரலை வெச்சு, "இங்க லூப் விட்டிருக்கு கண்ணு. பொறவு ஏத்தியிருக்க"ன்னார். அப்புறம், "500 பத்துதா?"ன்னு கேட்டார்.

"பத்துதுங்கப்பா"ன்னேன். எத்தனையோ வாரமா சொல்ற அதே பதில்தான். அன்னிக்குத்தான் அது பொய் இல்ல.

அந்த 50 யார் எழுதினதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நாங்க யாரும் கேட்டதும் இல்ல. அக்கா படிப்பை முடிச்சுட்டுப் போயிட்டாங்க, நூல் பை இப்ப என் ரூம்ல இருக்கு. அடுத்த ட்ரீட்டுக்கு உங்க கேங்கும் இந்தச் சீட்டை ஒரு தடவை போட்டுப் பாருங்க. பின்னக் கத்துக்கணும்னா ராத்திரி மெஸ் முடிஞ்சதும் மூணாவது மாடிக்கு வாங்க. எக்ஸ்ட்ரா ஊசி இருக்கு.