பங்குனி மலர்

பங்குனி பிறந்தால் எங்கள் வளவில் மற்ற பிள்ளைகள் மாவடுவுக்குக் காத்திருப்பார்கள். நான் கம்பன் விழா மலருக்குக் காத்திருப்பேன். சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா. மகம், பூரம், உத்தரம் மூன்று நாளும் ஊருக்குள். நான்காம் நாள், அத்தத்தன்று, கம்பன் சமாதி இருக்கிற நாட்டரசன்கோட்டையில்.

சொன்ன மணிக்கு மேடையில் பேச்சு தொடங்கிவிடும். அதனால் ஐயா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். இரவு திரும்பும்போது கக்கத்தில் மலர் இருக்கும். நான் முதலில் முகர்ந்துதான் பார்ப்பேன். அச்சு மையின் வாசம். முன்னும் பின்னும் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரங்கள். நடுவில் புலவர்கள்.

அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. மறுநாள் மத்தியானம் பட்டாலைத் தூணில் சாய்ந்து, வெற்றிலையை மடித்தபடி "படிடா" என்பாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொற்களைத் தப்பாகப் பிரித்தால், கதை தெரிந்தவள் ஆதலால், சிரித்துத் திருத்துவாள்.

ஒரு வருஷம் வாலி வதை பற்றிய கட்டுரை. பட்டிமண்டபத்தில் அடித்துக்கொண்டது போதாதென்று மலரிலும் வழக்கு. எழுதியவர் ராமன் கட்சி.

"மறைஞ்சு நின்னது மறைஞ்சு நின்னதுதான்டா" என்றாள் அப்பத்தா.

தொடர்ந்து படித்தேன். சாகக் கிடக்கிற வாலி ராமனிடம் ஒரு வரம் கேட்கிறான்: தம்பி சுக்ரீவன் கள் மயக்கத்தில் பிழை செய்தாலும், என்மேல் விட்ட அம்பை அவன்மேல் விட்டுவிடாதே. அப்பத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இதோட நிறுத்து. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

அத்தத்தன்று நாட்டரசன்கோட்டைக்குப் போய்வந்தவள், மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கம்பன் சமாதி மண். பிள்ளைகள் நாவில் வைத்தால் தமிழ் வரும் என்று எங்கள் பக்கத்து நம்பிக்கை. பொட்டலத் தாள் தெரிந்த தாளாக இருந்தது. ஓடிப்போய் மலரைப் புரட்டினேன். ஒரு தாளைக் காணோம்.

"விளம்பரம்தாண்டா. சேலைப் படம் பாத்துத்தான் கிழிச்சேன்."

சேலைப் படத்துக்கு முதுகில்தான் கட்டுரையின் முடிவு இருந்தது. ராமனுக்காகப் புலவர் சொன்ன கடைசி நியாயமெல்லாம் மடிப்பில் கசங்கி மண்ணோடு கிடந்தது.

"நாக்கை நீட்டு" என்றாள் அப்பத்தா.