மாமாவின் கார்

ஊட்டியில் டிசம்பர் பிறந்துவிட்டால் விடியற்காலையில் புல்லெல்லாம் உப்பைத் தூவினாற்போல் உறைபனி படிந்திருக்கும். அந்தக் குளிரில் எங்கள் பழைய பிரிமியர் பத்மினி கார் லேசில் கிளம்பாது. 1984-ல் என் மாமனார் ஆசை ஆசையாக வாங்கிய வண்டி. தினமும் காலையில் மாமா குல்லாயும் மப்ளருமாகப் போய், ஷெட் கதவுகளை விரியத் திறந்துவிட்டு, சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, உடனே வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். "இந்தக் குளிர்ல கதவை எதுக்கு மாமா திறக்கறீங்க?" என்று கேட்டால், "மூச்சு விட வேண்டாமாம்மா?" என்று சிரிப்பார்.

2019-ல் மாமா காலமானார். காரை விற்றுவிடலாம் என்றார் என் கணவர். அத்தை சம்மதிக்கவில்லை. தினமும் காபி டம்ளரோடு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். "அவர் பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கும்மா" என்பார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஓட்டத் தெரியாவிட்டாலும் ஸ்டார்ட் செய்யக் கற்றுக்கொண்டேன்.

2021 டிசம்பரில் ஒரு நாள், அத்தைக்குக் குளிருமே என்று ஷெட் கதவுகளைச் சாத்திவிட்டு இன்ஜினை ஓடவிட்டேன். இட்லி ஊற்றிவிட்டு வரலாமென்று உள்ளே போனேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்தால் அத்தையின் தலை சாய்ந்திருக்கிறது. காபி மடியெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. ஈரக்குலை நடுங்கிவிட்டது எனக்கு. கதவுகளைத் திறந்து, இன்ஜினை நிறுத்தி, அவரும் நானுமாக அத்தையை வெளியே தூக்கி வந்தோம். "தலை வெடிக்குதே" என்று முனகி வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கடவுள் புண்ணியத்தில் மறுநாள் வீடு திரும்பினார்.

டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது. கார் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு சேர வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுமாம். சோக் இழுத்த பழைய வண்டியில் இந்த வாயு இன்னும் அதிகம். தூங்குகிறார் என்று நான் விட்டிருந்தால்! குளிருக்காக மூடிய அறைக்குள் வைக்கும் கரியடுப்பிலும் இதே ஆபத்துதான், சகோதரிகளே.

மெக்கானிக் தம்பியும் சொன்னார்: "நின்ன இடத்துல ஓடவிட்டா பேட்டரி சரியா சார்ஜ் ஆகாதுக்கா. வாரம் ஒரு நாள் அரை மணி நேரமாவது ரோட்டுல ஓட்டணும்." ரேடியேட்டரில் வெறும் தண்ணீருக்குப் பதில் கூலண்ட் கலந்து ஊற்றினார். தார்பாய் போட்டு மூடினால் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும் என்றார். பருத்தித் துணியில் உறை தைத்தேன். பல நாள் நிறுத்த நேர்ந்தால் ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறோம்.

நாற்பது வயதுக்கு மேல் ஓட்டவும் கற்றுக்கொண்டேன். இப்போது ஞாயிறுதோறும் அத்தையும் நானும் ஒரு சுற்றுப் போய் வருகிறோம். ஏறி உட்கார்ந்ததும் அத்தை கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுவார். குளிர்கிறதே என்று நான் இப்போதெல்லாம் சொல்வதில்லை.