உறுமியின் சீமைப் பிரயாணம்

திருநின்றவூர்வாசிகளாகிய நமக்கு ஒரு பழைய கெட்ட பெயர் உண்டு. பூசலார் நாயனார் மனத்திலேயே சிவபெருமானுக்குக் கோயில் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தார். கனவிலே செய்தியறிந்த பல்லவ மன்னன் காஞ்சியிலிருந்து வந்து, "பூசலார் கட்டிய கோயில் எங்கே?" என்று கேட்டான். "அப்படி ஒரு கோயில் இங்கே கிடையாதே!" என்றார்கள் ஊரார். தம் ஊரில் இருப்பதை வெளியூரார் வந்து சொல்லித் தெரிந்துகொள்ளும் வழக்கம் அன்றே ஆரம்பமாகிவிட்டது போலும். இருதயாலீசுவரர் கோயிலைத் தாண்டித் தினமும் பள்ளிக்கூடம் போகும் நாமும் அதற்கு விலக்கல்ல என்பது 2009-ம் வருஷம் தெரிந்தது.

ஏ. ஆர். ரகுமானுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்து ஊரெல்லாம் அமர்க்களப்பட்ட சமயம் அது. 'ஸ்லம்டாக் மில்லியனேர்' படத்தில் அவருடன் சேர்ந்து ஒரு பாட்டை அமைத்துப் பாடியவர் 'எம்.ஐ.ஏ.' என்னும் லண்டன் பாடகி என்று நம் மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். உடனே அவருடைய இரண்டாவது இசைத்தொகுப்பை எங்கிருந்தோ சம்பாதித்துக்கொண்டு வந்து, "ஆண்டு விழாவில் இதற்கு ஆடுகிறோம், ஸார்!" என்று நின்றார்கள்.

அந்த அம்மையாரின் பெயர் மாதங்கி அருள்பிரகாசம். 1975-ல் லண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்து, யுத்தத்தினால் 1986-ல் தாயாருடன் அகதியாக லண்டன் திரும்பியவர். 2005-ல் வெளிவந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதைச் சூட்டினார். 2007-ல் வந்த இரண்டாவதற்குத் தாயாரின் பெயர், 'கலா'. கால் தானாகத் தாளம் போடும்படியான குதூகலப் பாட்டுக்கள் நிறைந்தது அது.

இதெல்லாம் நமக்குப் பின்னால் தெரிந்த விஷயம். அன்று கேட்டது கோழிகளின் கொக்கரிப்பும், குழந்தைகளின் கூச்சலும், நடுவே இடைவிடாத மேள அடியுந்தான். இரண்டு நிமிஷம் பொறுத்தோம். பிறகு, "இதற்குப் பெயர் சங்கீதமா? சாவு மேளமல்லவா கேட்கிறது!" என்று ஒரு போடு போட்டோம்.

பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. "ஸார், அது உறுமி. எங்கள் அப்பா வாசிப்பது" என்றான் மெல்லிய குரலில்.

வாஸ்தவந்தான். இடை சிறுத்த இருமுக வாத்தியம் உறுமி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, புலி உறுமுவது போன்ற நாதம் எழும். மறு முகத்தில் அடி விழும். 2006-ல் அமெரிக்கா செல்ல அனுமதி கிட்டாமற் போகவே, இந்தியா, டிரினிடாட், லைபீரியா என்று தேசம் தேசமாகச் சுற்றிப் பாட்டுக்களைப் பதிவு செய்தார் அந்த அம்மையார். நம் ஊரிலிருந்து அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய கோடம்பாக்கத்தில், ரகுமானின் ஒலிப்பதிவுக் கூடத்தில், தமிழ் நாட்டு மேளக்காரர்களைக் கூட்டமாக வாசிக்கச் செய்தார். 'தளபதி' (1991) படத்துக்கு இளையராஜா அமைத்த இசையின் துணுக்கு ஒன்றும் முதற் பாட்டிலேயே தலை காட்டுகிறது.

கேட்டவர்களில், நம்மைப் போலக் காதைப் பொத்திக்கொண்டவர்களும் உண்டு. சொக்கிப் போனவர்களும் உண்டு. அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2007-ம் வருஷத்துத் தொகுப்புக்களில் இதற்கே முதலிடம் கொடுத்தது.

இதை அறிந்ததும் நம் மனம் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "ஆகா, நம் உறுமி!" என்று துள்ளியது. சீமை முத்திரை விழுந்த பிறகு 'நம்' உறுமி. அதற்கு முந்தின நாள் வரை சாவு மேளம்! தேசாபிமானம் பேசும் நமக்கு இது அழகா? நம் தகப்பனார் காலமான அன்று வாசலில் பொழுது முழுவதும் நின்று வாசித்து, அவரை வழியனுப்பிய மேளக்காரர்களுக்குக் கூலி கொடுத்தோம். பெயர் கேட்டோமா? இல்லை.

மறுநாள் அந்தப் பையனின் வீட்டைத் தேடிப் போனோம். விழாவுக்கு வந்து வாசிக்க வேண்டுமென்று அவன் தகப்பனாரைக் கேட்டுக்கொண்டோம். "வாசலிலே வாசிச்சிருக்கேன், ஸார். மேடையிலே வாசிச்சதில்லை" என்றார். சற்று யோசித்துவிட்டு, "கூலி கிடக்கட்டும், நோட்டீஸிலே என் பேர் வருமா?" என்று கேட்டார்.

அழைப்பிதழ் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. ஆகையால், இருநூறு பிரதிகளிலும் அவர் பெயரை நம் கையாலேயே எழுதிச் சேர்த்தோம். விழாவன்று பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தில் மேடை அதிர்ந்தது. முன் வரிசைப் பெரியவர் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார். அவரை நாம் எப்படிக் கோபித்துக்கொள்வது? பதினைந்து நாட்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் நாம்தானே!