மூக்கும் உப்புத்தாளும்

லண்டனில் தங்கியிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் தம் காரைத் தொட என்னை அனுமதித்தார். பெரிய கௌரவம் அது. 1960-களில் அவர் தகப்பனார் உதிரிப் பாகங்களாக வாங்கித் தாமே கோத்த லோட்டஸ் செவன் அது. முழுக் காராக வாங்கினால் அந்நாளில் கொள்முதல் வரி உண்டு; பாகங்களாக வாங்கினால் கிடையாது. 1973-ல் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்தச் சலுகையை முடித்தது. வரி என்றால் எந்த ஊர்க் குடும்பஸ்தனுக்கும் மூளை சுறுசுறுப்பாகிவிடுகிறது!

காரின் மூக்கு கண்ணாடி நாரால் ஆனது. அன்றிலிருந்து பெயின்டே காணாதது. அதில் சிலந்தி வலை போல் வெடிப்பு. வெடிப்பை அரத்தால் சற்று அகலமாக்கி, சிவப்புப் பிசினை நிரப்பி, இறுகியதும் 400, 800, 1200 என்று நீர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சிவப்பு மேல்பூச்சின் கனமோ சுமார் அரை மில்லிமீட்டர்தான்.

"மெதுவாக" என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் போடப் போனார்.

என் கை பித்தளைப் பாத்திரம் தேய்த்துப் பழகிய கை. அவர் திரும்பி வந்தபோது சிவப்புக்கு நடுவே நார் வெளிறிப் பல்லிளித்தது. என் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் சற்று நேரம் பார்த்தார். கோப்பையை என்னிடம் நீட்டினார். பிறகு பிசின் டப்பாவின் மூடியை மறுபடியும் திறந்தார்.