வண்டி வீட்டில் ஒரு யாத்திரை

வீட்டை முதுகில் சுமந்துகொண்டு ஊர் சுற்றும் பிராணிகள் நத்தையும் ஆமையும் மட்டுமே என்று நாம் சிறு வயதில் படித்திருக்கிறோம். அமெரிக்கர்களையும் அந்த ஜாபிதாவில் சேர்த்துக்கொள்வதுதான் நியாயம். படுக்கை, சமையலடுப்பு, குளிர்ப்பெட்டி, ஸ்நான அறை எல்லாம் அடங்கிய மோட்டார் வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு, மலையடிவாரத்தில் ஒரு நாள், கடற்கரையில் ஒரு நாள் என்று குடும்பத்தோடு அலைவதில் அந்த ஜனங்களுக்கு அலாதிப் பிரியம். வண்டிக்கு 'ஆர்.வி.' என்று இரண்டே எழுத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த ஆசை நேற்று வந்ததல்ல. மோட்டார் அரசர் ஹென்றி போர்டும், விஞ்ஞானி எடிசனும், டயர் முதலாளி பயர்ஸ்டோனும் 1915 முதல் 1924 வரையில் பல கோடைகளில் கூடாரம் அடித்துக்கொண்டு காடு மலைகளில் திரிந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சமையலுக்கென்றே ஒரு மோட்டார் வண்டி போயிற்று. பெரியவர்கள் செய்ததை மற்றவர்களும் செய்ய ஆசைப்படுவது உலக இயற்கை அல்லவா?

சென்ற மே மாதக் கடைசியில் நாங்களும் அத்தகைய வண்டி ஒன்றில் கலிபோர்னியா மாகாணத்தில் எட்டு நாள் பிரயாணம் செய்தோம். அதற்குக் காரணம் எங்கள் அத்தை. அவருக்கு வயது 78. அத்திம்பேர் காலமான பிறகு கும்பகோணத்துப் பழைய வீட்டில் தனியாகவே இருந்து வருகிறார். மூத்த பிள்ளை பிரீமாண்ட் நகரத்தில். இளைய பிள்ளை தெற்கே இர்வைன் நகரத்தில். நடுவே ஏறக்குறைய 400 மைல். எந்த விஷயத்திலும் ஒத்துப் போகாத அந்தச் சகோதரர்கள் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப் போயிருந்தார்கள்: கும்பகோணத்து வீட்டை விற்றுவிட்டு, அம்மா இங்கே ஆறு மாதம், அங்கே ஆறு மாதம் இருக்க வேண்டியது. அம்மாவின் கையெழுத்துக்கான காகிதங்கள் அத்தானின் தோல் பையில் தயாராக இருந்தன. "பார்க்கலாம்" என்று மட்டும் அத்தை சொல்லியிருந்தார். அந்தப் 'பார்க்கலாம்' எந்தப் பக்கம் சாயும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இர்வைனுக்கு ஆகாய விமானத்தில் ஒரு மணி சொச்சத்தில் போய்விடலாம். ஆனால் தேசத்தைப் பார்க்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. அவருக்கு முழங்கால் வலி. சாதாரணக் காரில் நெடுநேரம் உட்கார முடியாது. ஹோட்டல் போஜனமோ ஆகவே ஆகாது. ஆகையால் 25 அடி நீளமுள்ள ஆர்.வி. ஒன்றை அத்தான் வாடகைக்கு எடுத்தார். அடுப்பும், காப்பிப் பொடியும், கால் நீட்டப் படுக்கையும் கூடவே வந்தால் அத்தைக்கு வேறு என்ன வேண்டும்?

இந்த வண்டி வீட்டுக்குச் சில சட்ட திட்டங்கள் உண்டு. ஓடும்போது எல்லோரும் இடுப்பு வார் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சமையல் எல்லாம் வண்டி நின்ற பிறகுதான். வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள். ஒன்றில் நல்ல தண்ணீர். மற்றொன்றில் பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும். மூன்றாவதில் இருப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பின்னிரண்டையும் அதற்கென்று ஏற்பட்ட இடங்களில், தடித்த குழாய் ஒன்றை மாட்டி வடித்துவிட வேண்டும். கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் பெரிய பதவி வகிக்கும் அத்தான், ரப்பர்க் கையுறை மாட்டிக்கொண்டு இந்தக் கைங்கரியத்தைச் செய்த காட்சி எங்களுக்கு என்றும் மறக்காது. காவேரியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த காலத்தை அறிந்த அத்தைக்கோ, தொட்டித் தண்ணீரை அளந்து செலவழிப்பது மிகவும் சுலபமாக இருந்தது.

முதலில் லிவர்மோருக்குப் போனோம். அவ்வூரில் சிவனும் விஷ்ணுவும் ஒரே ஆலயத்தில் எழுந்தருளியிருக்கிறார்கள். கோபுர தரிசனம் செய்துவிட்டுச் சிறிது தூரம் போனால் திராட்சைத் தோட்டங்கள். கான்கேனன், வென்டி என்ற இரு குடும்பத்தாரும் 1883-ஆம் வருஷத்தில் இங்கே ஒயின் தொழிலை ஆரம்பித்தார்கள். கோயிலுக்குப் போனவர்கள் மதுச்சாலைக்கும் போனார்களா என்று நேயர்களில் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நாங்கள் பார்க்கத்தான் போனோம். எங்களுக்குக் கிடைத்தது திராட்சை ரசம். அமெரிக்காவே ஒரு சமயம் பூரண மதுவிலக்கு நடத்திய தேசம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1920 முதல் 1933 வரையில் அங்கே மது விற்பது சட்ட விரோதமாக இருந்தது. அநேக ஒயின் சாலைகள் மூடப்பட்டன. கான்கேனன் குடும்பத்தார் மாதா கோயில் பூஜைக்கு வேண்டிய ஒயினை மட்டும் செய்து பிழைத்தார்கள். மதுவிலக்கு நீங்கி நெடுங்காலம் கழித்து, 1976-ல் பாரிஸ் நகரத்தில் நடந்த பரீட்சையில், பிரெஞ்சு நிபுணர்களே தங்கள் நாட்டு ஒயினைவிடக் கலிபோர்னியா ஒயினுக்கு முதல் மதிப்பெண் கொடுத்துவிட்டுத் திகைத்தார்கள்.

அத்தையின் கவனம் இந்தப் பெருமைகளில் செல்லவில்லை. தோட்டத்தைச் சுற்றிக் காட்டியவர் ஒரு கொடியின் அடித்தண்டில் முடிச்சுப் போலிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். அதுதான் ஒட்டு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த பில்லாக்ஸெரா என்ற கடுகளவுகூட இல்லாத பூச்சி, 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய், வேர்களைத் தாக்கி, பிரான்ஸ் தேசத்துத் திராட்சையில் பெரும் பகுதியை அழித்துவிட்டது. மருந்து ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில், அந்தப் பூச்சியோடு பழகித் தேறிய அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுவது என்ற உபாயமே தொழிலைக் காப்பாற்றியது. இன்று உலகத்திலுள்ள ஒயின் தோட்டங்களில் மிகப் பல இப்படி ஒட்டுப் போட்டவைதான். ஒட்டு மாங்கன்று வைத்து வளர்த்த அத்தைக்கு இது உடனே விளங்கிவிட்டது.

"வேர் இந்த ஊர், பழம் எந்த ஊர் ருசி?" என்று கேட்கச் சொன்னார்.

"மேலே ஒட்டிய கொடியின் ருசிதான்" என்று பதில் வந்தது.

அத்தை மூத்த பிள்ளையைப் பார்த்துப் புன்னகை செய்து, "அப்படியானால் உங்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை" என்றார்.

அங்கிருந்து வடகிழக்கே லோடை. மதுவிலக்குக் காலத்திலும் இவ்வூர் செழித்தது ஒரு வேடிக்கை. வீட்டு உபயோகத்துக்குப் பழரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுத்திருந்ததால், லோடைத் திராட்சை ரயில் ரயிலாகக் கிழக்கு நகரங்களுக்குப் போயிற்று. வீடுகளில் அந்த ரசம் என்னவாயிற்று என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். இப்பகுதியில் 1886-ல் நட்ட 'சின்ஸோ' என்னும் ரகக் கொடிகள் உண்டு. கம்பியும் பந்தலும் இல்லை. முழங்கை பருமனுள்ள கிளைகளை முறுக்கிக்கொண்டு, குட்டையான மரங்களைப் போல் தாமாகவே நிற்கின்றன. இவற்றுக்கு ஒட்டும் கிடையாது, சொந்த வேர். இங்குள்ள மணற்பாங்கான பூமியில் அந்தப் பூச்சி பரவுவதில்லை. "அவசியம் ஏற்படவில்லை" என்றார் எங்களுக்கு விவரம் சொன்னவர். அத்தை அந்தக் கொடிகளின் வயதை இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அடுத்த ஊரான ஸ்டாக்டனில், 1912-ல் ஏற்பட்ட சீக்கிய குருத்வாராவுக்குச் சென்றோம். அமெரிக்க ஐக்கிய நாட்டிலேயே முதலாவது குருத்வாரா இதுதான். 1913-ல் ஸான்பிரான்சிஸ்கோவிலிருந்து பத்திரிகை நடத்திய கதர் கட்சித் தேசபக்தர்கள் இங்கே கூடுவார்கள். இந்தக் 'கதர்' நமது ராட்டைக் கதர் அல்ல; கலகம் என்று பொருள். அக்காலத்தில் வயல்களில் உழைத்த பஞ்சாபியர்களுக்கு அந்த வயலைச் சொந்தமாக்கிக்கொள்ள உரிமை இல்லை. பிரஜா உரிமை பெற முடியாதவர்கள் விவசாய நிலம் வாங்கக் கூடாதென்று கலிபோர்னியா சர்க்கார் 1913-ல் சட்டம் செய்தார்கள். பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர்கள் பிரஜா உரிமைக்கு அருகரல்லர் என்று 1923-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 1946-ல்தான் அந்தக் கதவு திறந்தது. பத்து வருஷத்துக்கெல்லாம், 1956-ல், கலிபோர்னியா விவசாயியான தலீப் சிங் ஸௌந்த் அமெரிக்கக் காங்கிரஸுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்று நம்மவர்கள் வீடும் தோட்டமும் வாங்குகிறார்களென்றால், முன்னே வந்தவர்கள் பட்ட பாடு அதற்கு அடியுரம். ஹோட்டல் வாசற்படியை மிதிக்காத அத்தை, லங்கர் பந்தியில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் திருப்தியாகச் சாப்பிட்டார்.

அதன் பிறகு மலைப்பாதை. சரிவு செங்குத்தான பழைய ரஸ்தாவை விட்டு, வளைந்து வளைந்து ஏறும் புதிய ரஸ்தாவில் எங்கள் வீடு பெருமூச்சு விட்டுக்கொண்டு ஏறிற்று. மாலையில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை அடைந்தோம். அதை எப்படி வர்ணிப்பது? 'எல் காபிடான்' என்ற ஒரே பாறை, பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 3,000 அடி நிமிர்ந்து நிற்கிறது. யோசெமிட்டி நீர்வீழ்ச்சி மூன்று பகுதியாக மொத்தம் 2,425 அடி விழுகிறது. பனி உருகும் காலமானதால் இரவெல்லாம் அதன் ஓசை கேட்டது. கரடிகள் நடமாடும் இடம். கூடாரத்தில் தங்குவோர் உணவுப் பொருள்களை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். எங்களுக்குச் சுவர் இருந்தது. அத்தை மிளகு ரசம் வைத்தார். அந்தக் குளிரில் அந்த ரசத்துக்கு ஈடான பானம் எந்தத் திராட்சைத் தோட்டத்திலும் கிடையாது என்று நாங்கள் ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

தென்திசையில் புறப்படும்போது, 1933-ல் திறந்த வவோனா மலைக்குடைவின் வாயிலில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தோம். ஒரு பக்கம் அந்தப் பாறை, எதிர்ப்பக்கம் மெல்லிய சல்லா போல் அசையும் அருவி, நடுவே பைன் மரக் காடு. 1864-ல் ஜனாதிபதி லிங்கன், உள்நாட்டு யுத்தத்தின் நடுவிலும் இந்தப் பள்ளத்தாக்கைப் பொதுஜனங்களுக்காகப் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். மனிதன் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. ஆனால் அதற்குப் பதின்மூன்று வருஷங்களுக்கு முன், 1851-ல், இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அவாநீச்சி மக்களைப் பட்டாளம் வந்து துரத்தியது என்பதும் சரித்திரம். இதைக் கேட்ட அத்தை, "இவ்வளவு அழகான ஊரை விட்டு எப்படிப் போனார்களோ!" என்றார்.

மலையிறங்கி ப்ரெஸ்னோ வழியாக டெலேனோ போய்ச் சேர்ந்தோம். வெயில் நமது ஊர்ச் சித்திரை வெயிலைப் போல் காய்ந்தது. முகத்தைத் துணியால் மூடிய ஆண்களும் பெண்களும் திராட்சை வரிசைகளில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1965-ல் லாரி இட்லியோங் என்ற பிலிப்பைன்காரரின் தலைமையில் இங்கேதான் திராட்சைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஆரம்பமாயிற்று. சில நாட்களில் டோலரஸ் ஹுவெர்ட்டா, சீசர் சாவேஸ் இருவரும் நடத்திய மெக்ஸிக்கத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்துகொண்டது. நடைப்பயணம், பகிஷ்காரம், உபவாசம் ஆகிய நமக்குப் பழக்கமான ஆயுதங்களையே அவர்கள் எடுத்தார்கள். மகாத்மாவைத் தமக்கு வழிகாட்டியாகக் கொண்ட சாவேஸ் 1968-ல் 25 நாள் உபவாசம் இருந்தார். 1970-ல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்.

சங்கத்தின் பழைய நிலத்தில் 'அக்பயானி கிராமம்' என்ற கட்டிடம் இருக்கிறது. வயது முதிர்ந்த பிலிப்பைன் தொழிலாளர்களுக்காக 1974-ல் திறக்கப்பட்டது. வாலிபத்தில் தனியாக வந்தவர்கள் அவர்கள். வெள்ளைக்காரப் பெண்களை மணப்பதற்கும் 1948 வரையில் இந்த மாகாணத்துச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பலர் பிள்ளை குட்டியின்றி, தொழிலாளர் கொட்டகைகளிலேயே கிழவர்களானார்கள். தன்னார்வத்துடன் வந்தவர்கள் பலர் கூடி அவர்களுக்கு இந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தார்கள். அத்தை அதன் திண்ணை போன்ற நடையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

டெஹோன் கணவாயைத் தாண்டி இர்வைன் போய்ச் சேர்ந்தபோது இரவு. மறுநாள் சாப்பாடான பிறகு அத்தான் தோல் பையைத் திறந்தார். அத்தை காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"டெலேனோவில் பார்த்தோமே, அந்த மனிதர்களுக்குப் போக ஒரு வீடு இல்லை. எனக்கோ மூன்று வீடு இருக்கிறது. எதற்காக ஒன்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும்?"

"தனியாக இருக்கும்போது விழுந்து வைத்தால் யார் பார்ப்பார்கள், அம்மா?" என்று இளையவர் கேட்டார். அவர் குரல் தழுதழுத்தது. அந்தக் கேள்வி நியாயமானது என்பதை அத்தையும் மறுக்கவில்லை. முன்கட்டை ஒரு நல்ல குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவது, இரவில் துணைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்வது, வருஷத்துக்கு ஒருவராவது வந்து ஒரு மாதம் தங்குவது என்று மூன்று நிபந்தனைகளுக்குச் சம்மதித்தார். முழங்கால் இடம் கொடுக்கும் வரையில் தாமும் வந்து போவதாகச் சொன்னார்.

"உங்களுக்கு ஒட்டு அவசியமாக இருந்தது. எனக்கு அவசியம் ஏற்படவில்லையடா" என்றார்.

சகோதரர்கள் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, கும்பகோணத்துக்கு இந்த வருஷம் யார் முதலில் போவது என்று அவர்களுக்குள் தர்க்கம் ஆரம்பித்தது. அத்தை காப்பி போட எழுந்து போனார்.