குதிக்காதே பாப்பா, ஊசி குதிக்கும்!

ரெண்டு மாசமா எங்க வீட்டுல 144 தடை உத்தரவு. அப்பா (நாந்தேன்!) ரெக்கார்டு போட்டா யாரும் நடக்கப்படாது.

இருக்கறது நியூஜெர்சியில. மர வீடு. நம்மூரு கான்க்ரீட் தரையில யானை நடந்தாலும் தெரியாது. இங்க தரைக்குக் கீழ வெறும் மரச் சட்டம், அதுக்கும் கீழ பேஸ்மென்ட். ஆறு வயசுப் பொண்ணு ஓடி வந்தா அலமாரியில டம்ளரெல்லாம் கிணுகிணுங்கும்.

அப்பா போனப்புறம் அவரோட எல்பி தட்டுங்களை ஊர்லேர்ந்து சட்டைகளுக்கு நடுவுல வச்சுக் கொண்டுவந்தேன். ராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' (1986) அதுல ஒண்ணு. ஒருநாள் அது ஓடிட்டிருக்கும்போது பொண்ணு ஓடி வந்தா. ஊசி டொக்குன்னு குதிச்சு, தட்டுல கீறல். கத்திட்டேன். அன்னிலேர்ந்து அவ வீட்டுக்குள்ள பூனை மாதிரி நடக்க ஆரம்பிச்சா.

நான் வைத்தியத்துல இறங்கினேன். டென்னிஸ் பந்தை ரெண்டா வெட்டி அடியில வச்சேன். ஸ்பாஞ்சு வச்சேன். டர்ன்டேபிள் படகு மாதிரி ஆடுச்சு, ஊசி இன்னும் ஜாஸ்தி குதிச்சுது!

அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. மெத்து மெத்துன்னு எதை வச்சாலும், அது தானா ஆடுற வேகத்தை விட ரொம்ப வேகமான அதிர்வைத்தான் தடுக்கும். காலடியில தரை ஆடுறது ரொம்ப மெதுவான ஆட்டம். மெத்தையும் கூடச் சேர்ந்து ஆடும். போதாக்குறைக்கு ஊசியும் அதைத் தாங்குற கையும் சேர்ந்து விநாடிக்குச் சுமார் 8-லேர்ந்து 12 தடவை தானா ஆடக்கூடியது. தரை ஆட்டம் அதுக்குப் பக்கத்துல வந்தா, ஊசிக்குக் கொண்டாட்டம்.

அப்ப வழி? தரையோட சகவாசமே வேண்டாம். வீட்டைத் தாங்குற வெளிச்சுவத்துல, பதினாறு அங்குலத்துக்கு ஒண்ணா உள்ளே நிக்கிற மரச் சட்டத்தைத் தேடிப் பிடிச்சு, இரும்புத் தாங்கியை நீள ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். மேல ஒரு பலகை. மட்டம் பார்த்து டர்ன்டேபிளைத் தூக்கி வச்சேன். அவ்ளோதான்.

"குதி பாப்பா"ன்னேன்.

"நெஜமாவாப்பா?"

மூணு தடவை சொன்னப்புறம்தான் குதிச்சா, அதுவும் மெதுவா. ஊசி அசையலை. அப்புறம் குதிச்சா பாருங்க, டம்ளர் ஒண்ணு கீழ விழுந்துச்சு. பாட்டு ஓடிட்டே இருந்துச்சு.

பழைய கீறல் வந்தப்ப மட்டும் 'டிக்'. சட்டுனு நின்னு என் மூஞ்சியைப் பார்த்தா.

"நீ இல்லடா, அது தரையோட தப்பு"ன்னேன். ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கணும்.

மர வீட்டுக்காரங்களே, பந்தை வெட்டாதீங்க. நேரா சுவத்துக்குப் போங்க.