சுத்த மத்தியமம் கேட்ட காது

பழைய திமிரி நாயனத்தில், அதாவது குட்டையான நாகசுரத்தில், சுத்த மத்தியமம் தானாக வந்து நிற்காது. விரலை எடுத்தால் பிரதி மத்தியமத்தின் பக்கம் ஏறிவிடும். மூச்சைக் கட்டி, ஊதுவாயில் இருக்கும் சீவாளியை உதட்டால் கவ்வி, கீழே இறக்கிக் கொண்டுவர வேண்டும். கல்யாணி, பந்துவராளி என்றால் கவலையில்லை. தோடி, காம்போதி, கரகரப்பிரியா, சங்கராபரணம் எல்லாம் சுத்த மத்தியம ராகங்கள். அங்கே ஒவ்வொரு பிடிக்கும் இந்தப் போராட்டம்தான். தலைமுறை தலைமுறையாக வித்வான்கள் அதைச் சாதகத்தால் வென்றார்கள். வென்றுவிட்டதாலேயே அது குழலின் குறை என்பது பலருக்கு உறைக்காமலும் போயிற்று.

திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு உறைத்தது. அதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. தோடி என்றாலே அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தத் தோடியின் சுத்த மத்தியமத்தைப் பழைய குழலிலேயே பிசிறில்லாமல் கொண்டுவரத் தெரிந்த மனிதர் அவர். வராதவன் கருவியைக் குறை சொன்னால் அது சாக்கு. எல்லாம் வந்தவர், ‘இவ்வளவு பாடு எதற்கு, குழல் தானே இதைச் சொல்ல வேண்டும்?’ என்று கேட்டால் அது வேறு. புதிதாக ஒன்றைக் கொண்டுவருபவரிடம் நான் முதலில் தேடுவது அந்தக் காதைத்தான். தன் திறமை மூடி மறைத்துவிட்ட குறையையும் அது விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

அவர் கிராப்பு வைத்தார், ஷெர்வானி அணிந்தார் என்பதையே பெரிய புரட்சியாகச் சொல்கிறவர்கள் உண்டு. துணிச்சல் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் துணிச்சல் மட்டும் இருந்து ஒரு ஸ்வரமும் சரியாகிவிடாது.

காது கேட்டதை மரத்தில் கொண்டுவர நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி வேண்டியிருந்தது. திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊர். இருவரும் சேர்ந்து செய்த வேலையில் குழல் நீண்டது. 4, 5 கட்டையில் இருந்த சுருதி 2, 2½ கட்டைக்கு இறங்கியது. அதுவே பாரி நாயனம். 1955 வாக்கில் சுத்த மத்தியமம் அதில் கச்சிதமாக நின்றது. அடுத்த ஆண்டே பிள்ளை மறைந்தார். புகழின் உச்சத்தைப் பார்த்த பிறகும், ஐம்பதைத் தாண்டிய வயதிலும், கருவியைத் திருத்திக்கொண்டிருந்தவர் அவர்.

ஒரு ஸ்வரத்தைத் திருத்துவது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சின்ன வேலையாகத் தோன்றலாம். துளையை நூலளவு தள்ளினால் பக்கத்து ஸ்வரம் நகர்கிறது. கீழ் ஸ்தாயியில் சரியாகப் பேசுவது மேல் ஸ்தாயியில் விலகுகிறது. உள்கூடு மேலிருந்து கீழே விரிந்துகொண்டே போவதால், கடைசலில் ஓரிடத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சீவினாலும் முழுக் குழலின் குணமும் மாறும். விரல் துளைகள் ஏழுக்கும் கீழே இருக்கும் பிரம்மசுரத் துளைகளில் மெழுகு வைத்து ஓரளவு சரிக்கட்டலாம், அவ்வளவுதான். மரமோ ஆச்சா. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரத்திலும் தூணிலும்தான் வயதேறிய மரம் அகப்படும். அப்படிப்பட்ட மரத்தில், சரியாக வருமா என்று தெரியாமலே மறுபடி மறுபடி துளைபோட ஒருவர் சம்மதித்தாரே, அந்தப் பொறுமைக்கு நாங்கள் இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை. பாரி என்றால் வாசித்தவர் பெயர் முதலில் வருகிறது. ஆசாரியின் பெயரும் அதே மூச்சில் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த மாற்றத்துக்கு விலையும் இருந்தது. புறப்பாட்டில் வீதிக்கோடி வரை போகிற திமிரியின் கூர்மை பாரியில் இல்லை. கச்சேரி மேடையும் மைக்கும் வந்துவிட்ட காலம் என்பதால் அந்த இழப்பைத் தாங்க முடிந்தது. குழல் நீண்டதால் விரல்கள் அகல விரிய வேண்டும்; அதற்கேற்ற சீவாளி வேண்டும்; மூச்சுப் பழக்கமும் மாற வேண்டும். கை பழகிப்போன வித்வான்கள் பலர் அத்தனையையும் மறுபடி பழகிக்கொண்டு பாரிக்கு வந்தார்கள். அவர்கள் வந்திராவிட்டால் இது ஒரு தனி மனிதரின் ஆசையாகவே நின்றிருக்கும்.

2022-இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் கடையில் வாங்கிய குழலோடு என்னிடம் கற்க வரும் பிள்ளைகள், அதைச் செய்தவர் முகத்தையே பார்த்ததில்லை. ஒரு ஸ்வரம் இடறினால், ‘உதட்டால சமாளிச்சுக்கிறேண்ணே’ என்கிறார்கள். சமாளிக்கத் தெரிய வேண்டும்; அதை நானே சொல்லிக்கொடுக்கிறேன். கூடவே அவர்களை நரசிங்கம்பேட்டைப் பட்டறைக்கும் அழைத்துப் போகிறேன். அங்கே இன்று குழல் செய்யும் ஆசாரி கேட்கிற முதல் கேள்வி, “எந்த ராகத்துல இடறுது தம்பி? வாசிச்சுக் காட்டுங்க.” எந்த இடம், எந்தப் பிடி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று மரவேலைக்காரருக்குப் புரியும்படி சொல்ல, முதல் தடவை பெரும்பாலும் அவர்களுக்கு வராது. வரும் வரை அங்கேயே உட்கார வைக்கிறேன்.